வானொலி நெடுங்கதை கேட்பியல்: மதுரை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நாவலை எழுதியவரைப் பற்றி ஆராய்ந்து முனைவர் ஆனவர்கள் உண்டு. நாவலைப் படித்தவர்களைப் பற்றி ஆராய்ந்தவர்களும் உண்டு. அதே நாவல் நாடகமாகிக் காற்றில் வந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இவ்வாய்வு எழுந்தது. எழுதும்படி யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கருதுகோள்: நெடுங்கதை ஒன்றை வானொலியில் தலைமுதல் கால்வரை ஒழுங்காகக் கேட்டவர் எவருமிலர். அவரவர் விட்ட பகுதியாலேயே அது ஊர்க்கதை ஆயிற்று.

ஆய்வு எல்லை: மேற்கே உசிலம்பட்டி, தெற்கே திருமங்கலம், வடகிழக்கே மேலூர், வடக்கே அலங்காநல்லூர். நடுவில் மதுரை மாநகர்.

2. முன்னோடிகள்

இத்துறையின் மூலவர் சோ. சிவபாதசுந்தரம். இலங்கை வானொலியில் பணிபுரிந்தவர், பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவர். 1954இல் 'ஒலிபரப்புக் கலை' எழுதினார். 1977இல், அகில இந்திய வானொலியில் இருந்த சிட்டியோடு சேர்ந்து தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை எழுதினார். ஒலிபரப்புக்கு ஒரு நூல், நாவலுக்கு ஒரு நூல். நாவலை ஒலிபரப்பில் கேட்பவருக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அந்த மூன்றாம் நூலை அவர் இவ்வாய்வாளருக்கென்றே விட்டுச் சென்றார் என்று கொள்ள இடமுண்டு.

மதுரையின் நிலையும் கருதத்தக்கது. திருச்சியில் வானொலி நிலையம் 1939இல் வந்தது. திருநெல்வேலியில் 1963இல் வந்தது. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊருக்கு 1980களில்தான் வாய்த்தது. அதுவரை வடக்கே திருச்சியும் தெற்கே நெல்லையும் கடலுக்கப்பால் கொழும்பும் பேசப் பேச, மதுரை காதை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சூரியன் மறைந்தபின் மத்திய அலை வானத்தின் அயனி அடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் போகும். ஆகவே இரவில் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. இளவரசி அழத் தொடங்கும் நேரம் பார்த்து வேற்றுமொழிக்காரர் ஒருவர் செய்தி வாசித்துவிட்டுப் போவார். அவரையும் கதாபாத்திரமாகச் சேர்த்துக்கொண்ட கேட்போர் உண்டு.

3. காலவியல்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை இதழில் தொடராக வந்தது. ஐந்து பாகம்: 57, 53, 46, 46, 91. ஆக அத்தியாயம் 293.

வாரம் ஓர் அத்தியாயம் வீதம் ஒலிபரப்பினால் ஐந்து ஆண்டும் 33 வாரமும் ஆகும். ஆறாம் வகுப்பில் கேட்கத் தொடங்கிய பிள்ளை, பதினொன்றாம் வகுப்பு முழுப் பரீட்சைக்குப் படிக்கும்போது கதை முடியும். அதற்குள் பிள்ளைக்கு மீசை அரும்பியிருக்கும். கதையின் இளவரசி குந்தவையைப் பற்றிய கருத்தும் மாறியிருக்கும்.

நாளும் ஒன்று என்றால் 293 நாள். மனிதக் கர்ப்ப காலம் சுமார் 280 நாள். மருமகளின் கர்ப்பக் கணக்குத் தொடங்கும் நாளில் கதையைத் தொடங்கும் மாமியார், பேரக்குழந்தைக்குப் பதின்மூன்றாம் நாள் நடக்கையில் கடைசி அத்தியாயம் கேட்பார். அன்றைக்கு அவர் எதைக் கேட்டிருப்பார் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

பி.பி.சி. 2015 சனவரி முதல் நாள், தல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' நாவலை நாடகமாக்கி ஒரே நாளில் பத்து மணி நேரம் ஒலிபரப்பியது. உலகம் வியந்தது. மதுரைப் பக்கத்தார் வியக்க நியாயம் இல்லை. இங்கே 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகம் இரவு சாப்பாட்டுக்குப் பின் தொடங்கி விடியவிடிய நடக்கும். முருகன் தர்க்கம் முடிவதற்குள் பார்வையாளரில் பாதிப்பேர் துண்டை விரித்துப் படுத்துவிடுவர். ஆனாலும் நாடகம் முழுக்கப் பார்த்ததாகத்தான் மறுநாள் சொல்வர். நெடுங்கதையைத் தூங்கிக்கொண்டே கேட்கும் பயிற்சி, வானொலிக்கு முன்பே இம்மண்ணில் முற்றியிருந்தது.

4. கேட்போர் வகைப்பாடு

கேட்போரைக் கல்வியாலோ வயதாலோ பிரிப்பது பிழை. கை என்ன வேலை செய்கிறது என்பதைக் கொண்டே பிரிக்க வேண்டும்.

பூக்கட்டுவோர்: மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கட்டும் விரலுக்குக் கண் தேவையில்லை, காதும் தேவையில்லை. ஆகவே முழுக்காதால் கேட்போர் இவர்களே. சோகக் கட்டத்தில் கண்ணி நெருங்கும், காதல் கட்டத்தில் தளரும். ஒரு முழத்தை விரித்துப் பார்த்து அன்றைய அத்தியாயம் எத்தகையது என்று சொல்லிவிடலாம்.

சுங்குடி முடிச்சிடுவோர்: இவர்களுக்கு எண்ணிக்கை உண்டு. வசனகர்த்தா 'ஆயிரம் யானை, ஐயாயிரம் குதிரை' என்று தொடங்கினால் கணக்குக் குழம்பும். ஆதலால் போர்க்காட்சியை வெறுப்பர்.

தறிக்காரர்: செல்லூர்த் தறிச் சத்தத்தில் மெல்லிய பேச்சு எடுபடாது. ஓலமும் வாள்மோதலும் மட்டும் காதில் விழும். இவர்கள் அறிந்த நாவலில் காதலே கிடையாது. எல்லோரும் அழுகிறார்கள் அல்லது வெட்டிக்கொள்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இக்கருத்தோடு உடன்படக்கூடும்.

தையற்காரர்: புதுமண்டபத்தில் வரிசையாக மிஷின் போட்டிருந்தவர்கள் இவ்வகைக்குச் சான்று. கதையின் உச்சக்கட்டம் எது என்று திறனாய்வாளர்கள் பக்கம் பக்கமாக வாதிடுவர். மிஷின் மிதி எங்கே நின்றதோ அதுவே உச்சக்கட்டம் என்பது இவ்வாய்வின் துணிபு.

துயில்வோர்: திண்ணையில் குறட்டையோடு கேட்கும் தாத்தாக்கள். உறங்கிவிட்டார் என்று நம்பி வானொலியை நிறுத்தினால் உடனே, "எவன்டா ரேடியோவ அமத்துனது? நான் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்" என்பர். கதை ஓடுகையில் உறக்கமும் கதை நிற்கையில் விழிப்பும் நிகழ்வதால், இவர்கள் கேட்டது கதையின் எந்தப் பகுதியை என்பது தத்துவச் சிக்கல்.

5. ஒலியியல்

வானொலியில் குதிரை என்பது கொட்டாங்கச்சி இரண்டு. தீ என்பது கசக்கிய கண்ணாடித்தாள். இடி என்பது ஒரு தகரத் தகடு. சோழப் பேரரசின் குதிரைப்படையை இரண்டு கொட்டாங்கச்சியில் நடத்திய சிக்கனத்தைப் பாராட்டியே ஆக வேண்டும்.

வானொலிப் பாத்திரங்கள் தம் கண்முன் நடப்பதையெல்லாம் உரக்கச் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள். "ஆ, இதென்ன! வாளை உருவுகிறாயே!" என்று ஒருவர் சொல்லி முடிக்கும்வரை உருவியவரும் நாகரிகமாகக் காத்திருப்பார்.

ஒலிச்சித்திரம் இதற்கு நேர்மாறு. படத்துக்கென்று பேசிய வசனத்தை அப்படியே சுருக்கி ஒலிபரப்புவதால் யார் எங்கே நிற்கிறார் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் படமாகி, பின் ஒலிச்சித்திரமாகவும் வீடு வந்து சேர்ந்தது. திரையில் நாகசுரம் வாசித்தவர் சிவாஜி கணேசன். அவர் முகத்தை நீக்கிவிட்டு ஒலியை மட்டும் கேட்டால் எஞ்சுவோர் மதுரைச் சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும், படத்துக்கு உண்மையில் வாசித்தவர்கள் அவர்களே. கண் செய்த அநீதியை வானொலி இவ்வாறு சரிசெய்தது. மதுரைக்காரர் சிலர் ஒலிச்சித்திரமே உண்மையான படம் என்று வாதிடுவதற்கு இஃது ஆதாரம்.

6. மதுரைச் சார்பு

'பொன்னியின் செல்வன்' சோழர் கதை. அதில் சதி செய்வோர் ரவிதாசனும் பாண்டிய ஆபத்துதவிகளும். அவர்கள் பழிவாங்க வந்தது, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் தலைகொண்ட பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்காக. தஞ்சையில் இதைக் கேட்பவர் பதறுவார். மதுரையில் கேட்பவர் நியாயம் பேசுவார். "அவய்ங்க ராசாவ வெட்டிப்புட்டா சும்மா இருப்பாய்ங்களா?" என்ற ஒற்றைக் கேள்வியில் நாவலின் அறநெறி தலைகீழாகிறது. கரிகாலனைக் கொன்றவர் யார் என்று வாசகர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். மதுரையில் அவ்வழக்கு எடுபடாது. கொன்றவர் யாரானால் என்ன, கணக்கு நேராயிற்று என்பது இங்குள்ள தீர்ப்பு.

7. விட்ட பகுதி இயல்

இதுவே ஆய்வின் மையம். கேட்பவர் அத்தியாயத்தை விடுவதற்குக் காரணங்கள் நான்கு: கரண்டு போதல், பேட்டரி தீர்தல் (வெயிலில் காயவைத்தால் ஒரு காட்சி வரை தாங்கும்), விருந்தாளி வருதல், குழாயில் தண்ணீர் வருதல். நான்காவதற்கு முன் எந்தப் பேரரசும் நில்லாது.

விட்டதை நிரப்புபவர் பக்கத்து வீட்டார். "நேத்து கரண்டு போயிருச்சு மதினி, அந்தப் பய என்னானான்?" என்று கேட்டால், "அவனுக்கென்ன, தப்பிச்சிட்டான்" என்று விடை வரும். கல்கியின் நாயகர்களைப் பொறுத்தவரை, கேளாமலே சொன்னாலும் இவ்விடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பித்த விதத்தை மதினி தாமே அமைத்துக்கொள்வார். அது மேலமாசி வீதியில் ஒன்றாகவும் அவனியாபுரத்தில் வேறொன்றாகவும் இருக்கும். இவ்வாறு ஒரு நாவல் தெருவுக்கு ஒரு பாடபேதம் கொண்டது. ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியர்களுக்கு இது புதிதன்று.

பாம்பே கண்ணன் 'பொன்னியின் செல்வ'னைப் பல நடிகர்களின் குரலில் ஒலிநாடகமாக்கித் தந்திருக்கிறார். இன்று அதைக் கைப்பேசியில் கேட்கலாம். தண்ணீர் வந்தால் நிறுத்தலாம், பிடித்துவிட்டு வந்து தொடரலாம். ஒரு சொல்லும் விட்டுப்போகாது. அதனால் யாரும் மதினியைக் கேட்பதில்லை. நாவல் முழுமை பெற்றது. மதினிக்கு வேலை போயிற்று.

8. முடிவும் பரிந்துரையும்

நெடுங்கதை கேட்கக் காது ஒன்று, கைவேலை ஒன்று, பக்கத்து வீடு ஒன்று ஆகிய மூன்றும் தேவை. இவற்றுள் இன்று அருகிவருவது மூன்றாவது. எனவே வானொலி நிலையத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: பூக்கட்டும் நேரம் பார்த்து, நாளுக்கு ஓர் அத்தியாயமாக, ஒரு பெரிய நாவலை ஒலிபரப்புங்கள், மறுஒலிபரப்பு மட்டும் வேண்டாம். கேட்போருக்கு: இடையில் ஓர் அத்தியாயத்தை மனமறிந்து விடுங்கள். மறுநாள் பக்கத்து வீட்டில் போய்க் கேளுங்கள். அவர்கள் தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள்.