பொடுசு உள்ளே, பெருசு வெளியே

அட, வா கண்ணு. வண்டிய அந்தப் புளியமரத்தடியில ஓரங்கட்டு. ஏற்காட்டுக்குத்தானே? போலாம், போலாம். மலை எங்கயும் எந்திரிச்சு ஓடிடாது. சித்த உக்காரு.

அடிவாரத்துல உக்காந்து ஏறுற காரையும் எறங்குற காரையும் வேடிக்கை பாக்குறதுதான் இப்ப எம்பொழப்பு. மே மாசம் கோடை விழான்னு சொல்லிட்டாப் போதும், கோரிமேட்டுல இருந்தே காரு வரிசை கட்டி நிக்கும். ஒரு கண்ணாடி எறங்கியிருக்காது. உள்ள ஏ.சி. பின்சீட்டுல ஒரு பொடுசு. மூஞ்சிக்கு நேரா போனு. இருவது கொண்டை ஊசி வளைவும் ஏறி, 1,500 மீட்டர் ஒசரத்துக்குப் போறதுக்குள்ள அந்தப் புள்ள ஒருவாட்டிதான் தலையத் தூக்கும். அதுவும் வாந்தி எடுக்க. வளைஞ்சு வளைஞ்சு போற வண்டியில கண்ணைப் போன்ல நட்டு வச்சா கொடலு புரட்டாம என்ன பண்ணும்? அம்மாக்காரி எலுமிச்சம்பழத்தை மோந்து பாக்கக் குடுப்பா. போனை மட்டும் வாங்க மாட்டா.

பெரியவங்களைக் காணமேன்னு கேட்டா, "வெயில்ல எதுக்கு அவங்களை அலையவிடணும், வீட்லயே விட்டுட்டு வந்தோம்"ங்கிற. அடேங்கப்பா, என்ன கரிசனம்! எந்த வீட்டுல? சேலத்துல, மொட்டை மாடிக்கு நேர் கீழ. கத்திரி வெயிலு பகலெல்லாம் காச்சுன காங்கிரீட்டு, ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழதான் எறக்கும். ஏ.சி. எங்க இருக்குது? உங்க ரூம்புல. ரூம்பு சாவி? உன் பையில.

இதுதான் கண்ணு எனக்கு விளங்கல. வெளிச்சத்துல ஓடியாட வேண்டிய பொடுசைக் குளுகுளு அறையில பூட்டி வைக்கிறீங்க. நெழல்ல உக்கார வேண்டிய கிழத்தை உச்சி வெயில்ல ரேஷன் கடை வரிசையில நிறுத்துறீங்க. "தாத்தாவுக்கும் ஒரு நடை ஆச்சு"ன்னு அதுக்கு ஒரு நியாயம் வேற. ரெண்டு பேரையும் எடம் மாத்தி வைங்கடான்னு சொன்னா, "ஆதாரம் இருக்கா?"ம்பீங்க. இருக்குது. எம்பேத்தி நர்ஸு வேலை பாக்குறா. அவ படிச்சுச் சொல்றதைக் காதுல வாங்கி வச்சிருக்கேன்.

மொதல்ல கண்ணு சமாச்சாரம். கிட்டப்பார்வைங்கிறாங்களே, அது என்னன்னு நினைச்ச? கண்ணுமுழி சொரக்காய் கணக்கா பின்னால நீண்டு போறது. கையில இருக்கிற புஸ்தகம் தெரியும், பள்ளிக்கூடத்துப் போர்டு மங்கும். ஏன் நீளுது? ஆத்தா அப்பன் வழியா வர்றது கொஞ்சம். எல்லாத்தையும் மூக்குக்கிட்ட வச்சே பாக்குறது கொஞ்சம். பகல் வெளிச்சம் கண்ணுல படாதது கொஞ்சம். நல்ல வெளிச்சம் பட்டா கண்ணுக்குள்ள டோபமின்னு ஒண்ணு சுரக்குதாம். அது முழி நீளுறதுக்குக் கடிவாளம் போடுதுன்னு டாக்டருங்க கணிக்கிறாங்க.

சீனாவுல குவாங்சோன்னு ஒரு ஊரு. அங்க பன்னெண்டு பள்ளிக்கூடத்தை எடுத்து, ஆறுல மட்டும் ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களைத் தெனம் நாப்பது நிமிசம் எச்சா வெளிய விட்டாங்க. மருந்து இல்ல, மாத்திரை இல்ல. வெளிய விட்டாங்க, அவ்வளவுதான். மூணு வருசங் கழிச்சு எண்ணிப் பாத்தா, வழக்கப்படி உள்ள உக்காந்த பள்ளிக்கூடத்துல நூத்துக்கு 39.5 புள்ளைக்குக் கிட்டப்பார்வை வந்திருந்துச்சு. வெளிய விட்டதுல 30.4. இது 2015ல அச்சுல வந்த கணக்கு. அந்த அரைப் புள்ளை எதுன்னு எங்கிட்ட கேக்காத. கொரியாவுல சியோல் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கையில பாத்தா, பத்தொம்பது வயசுப் பசங்கள்ல நூத்துக்கு 96 பேருக்கு மேல கிட்டப்பார்வையாம். எதிரி கிட்ட வந்து நின்னாத்தான் சுடுவாங்க போல. தைவான்காரங்க முழிச்சுக்கிட்டாங்க. தெனம் ரெண்டு மணி நேரம் புள்ளைங்க வெளிய இருக்கணும்னு 2010லயே சர்க்காரு திட்டம் போட்டுருச்சு.

"இதுக்கெல்லாம் ஆராய்ச்சி வேணுமா தாத்தா?"ன்னு இளிக்கிற. வேணும் கண்ணு. நாங்க "வெளிய போய் வெளையாடு"ன்னு தொரத்திவிட்டது கண்ணுக்காகவா? வீட்டுக்குள்ள ரோதனை தாங்காம. அது கண்ணுக்கும் நல்லதாப் போச்சுங்கிறதை எவனாச்சும் அளந்து பாத்துத்தானே சொல்லணும்? அளக்காம நாங்க சொன்னதுல பாதி புருடா. பொன்னாங்கண்ணி தின்னா கண்ணாடியைக் கழட்டிடலாம்னு எத்தனை புள்ளைங்களை ஏமாத்தியிருக்கோம்! நீண்டுபோன முழி கீரைக்குச் சுருங்குமா? கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்ங்கிறதும் அந்த ரகந்தான். போடாத புள்ளைக்குப் போர்டு தெரியாது, மார்க்கு வராது. அப்புறம் "மண்டையில ஒண்ணுமில்ல"ன்னு அதையே திட்டுவோம். அரசுப் பள்ளிக்கூடத்துல கண்ணொளி காப்போம்னு சொல்லி, சும்மாவே சோதிச்சுக் கண்ணாடி குடுக்குறாங்க. பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாடி போட்டா மாப்பிள்ளை கிடைக்காதுன்னு அதைப் பரண்ல போட்டு வைக்கிற வீடும் இருக்குது. கண்ணாடி போட்டவ மாப்பிள்ளைய நல்லாப் பாத்துடுவாளேன்னு பயமோ என்னவோ.

புள்ளைய வெளிய விடுன்னா உடனே உன் வீட்டுக்காரி என்ன சொல்லுவா? "கருத்துடும்." கருத்தா என்ன, உரிச்சா போட்டுக்கப் போறோம்? சரி, நடு வெயில்ல விட வேண்டாம். யாரு விடச் சொன்னா? வீட்டு டியூப்லைட்டு வெளிச்சம் 300, 500 லக்ஸு. வெளிச்சத்தை அளக்குற கணக்கு அது. வெட்ட வெயில்ல ஒரு லட்சம். மரத்து நெழல்ல ஆயிரக்கணக்குல இருக்கும். கண்ணுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. காலையில பத்து மணிக்கு முன்ன, சாயங்காலம் நாலுக்குப் பொறவு, ஒரு மாந்தோப்பு நெழலு போதும். சேலத்துக்காரனுக்கு மாமரம் எங்க இருக்குதுன்னு நான் சொல்லித் தரணுமா?

ஆனா நீங்க அதைச் செய்ய மாட்டீங்க. ஏன்னா அதுக்குக் காசு இல்ல. காசு குடுத்து வாங்குனாத்தானே வைத்தியம்! போன்ல வர்ற நீல வெளிச்சத்தைத் தடுக்கணுமாம், அதுக்கு ஒரு கண்ணாடி. அஞ்சு வயசுப் பொடுசு மூக்குல அது நிக்கவே மாட்டேங்குது. 2023ல பதினேழு ஆராய்ச்சியை ஒட்டுக்கா வச்சுப் பாத்துட்டு, கண்ணு அசதிக்கு அதால பலன் ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிட்டாங்க. அந்தச் சேதி கடைக்காரனுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரல.

அவசரம் வேண்டாத எடத்துல இப்படி அவசரம். அவசரப்பட வேண்டிய எடத்துல? மாறுகண்ணு புள்ளை பொறந்தா அதிர்ஷ்டம்னு உக்காந்துக்குவோம். அந்தக் கண்ணை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிடும். சின்னதுலயே பாத்தா சரி பண்ணலாம், வளர்ந்த பொறவு கஷ்டம். குறைமாசத்துல பொறந்த குழந்தைக்குப் பொறந்து முப்பது நாளைக்குள்ள கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கிற திரையைச் சோதிக்கணும். 1996ல சென்னையில பொறந்த ஒரு குறைமாசக் குழந்தைக்கு அதைச் செய்யாம விட்டு ரெண்டு கண்ணும் போச்சு. 2015ல சுப்ரீம் கோர்ட்டு 1.8 கோடி ரூவா நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. கண்ணு வந்துச்சா? இன்னொண்ணு. பொழுதுக்கும் புள்ளைய போட்டோ எடுக்குறீங்களே, வெளிச்சம் அடிக்கையில ஒரு கண்ணு செவப்பாவும் ஒரு கண்ணு வெள்ளையாவும் விழுந்துச்சுன்னா, லைக்கு எண்ணிக்கிட்டு இருக்காத. அன்னிக்கே கண்ணாஸ்பத்திரிக்கு ஓடு. கண்ணுக்குள்ள கட்டியாவும் இருக்கலாம். சீக்கிரம் பாத்தா உசுரும் நிக்கும், பல நேரம் பார்வையும் நிக்கும்.

ஆராய்ச்சின்னா எனக்கு எகத்தாளம்னு நினைச்சுக்காத. நம்ம திருச்சி ஜில்லாவுல நடந்ததைக் கேளு. மதுரை அரவிந்த் கண்ணாஸ்பத்திரிக்காரங்களும் சேந்து பண்ண வேலை. 15,000 பொடுசுங்களுக்கு மேல சேத்து, பாதிப் பேருக்கு வாரம் ஒருக்கா வீடு தேடிப்போய் ஒரு சின்ன அளவு வைட்டமின் ஏ வாயில ஊத்துனாங்க. மாலைக்கண்ணுக்கு ஆன மருந்துதான். 1990ல கணக்கு வெளிய வந்துச்சு. மருந்து குடிச்ச புள்ளைங்கள்ல சாவு 54 சதவீதம் கம்மி. கண்ணைப் பாக்கப் போனவங்க உசுரையே காப்பாத்திட்டாங்க. அதுல குளுகுளு அறை இருந்துச்சா, மினுமினுப்பு டப்பா இருந்துச்சா? ஒவ்வொரு வாரமும் தவறாம ஒரு ஆளு படியேறி வந்துச்சு. அதுதான் மருந்து. முருங்கைக்கீரையிலயும் மாம்பழத்துலயும் அந்தச் சத்து வர்றதுக்கான சமாச்சாரம் இருக்குது. ஆனா உன் வீட்டுப் பொடுசு பிஸ்கட்டுதானே திங்குது.

இப்ப எங்க கதைக்கு வருவோம்.

வயசானா வேர்வை குறையும். தோலுக்கு ரத்தம் பாயுறது குறையும். அதைவிடப் பொல்லாதது, தாகம் தெரியாது. ஒடம்பு வத்திக் கிடக்கும், நாக்கு தண்ணி கேக்காது. பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரை வேற ஓடிக்கிட்டு இருக்கும். (அதை நீயா நிறுத்திப்புடாத. டாக்டரைக் கேளு.) நாங்களும் லேசுப்பட்ட ஆளுங்க இல்ல. "நாங்க பாக்காத வெயிலா?"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிடுவோம். கெழவிங்க இன்னும் மோசம். ராத்திரி ஒண்ணுக்கு எந்திரிக்கணுமேன்னு சாயங்காலத்துல இருந்தே தண்ணியைத் தொட மாட்டாங்க.

2003 ஆகஸ்ட்டுல பிரான்ஸ் தேசத்துல வெயிலு வாட்டி எடுத்துச்சு. ஏறக்குறைய 15,000 பேரு செத்தாங்க. முக்காவாசி வயசானவங்க, தனியாக் கிடந்தவங்க நெறையப் பேரு. ஆகஸ்ட்டுன்னா அங்க ஊரே லீவு போட்டுட்டுக் கடக்கரைக்குப் போற மாசம். பேத்தி இதைப் படிச்சப்ப எனக்கு எந்தக் காரு ஞாபகத்துக்கு வந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. நம்ம தேசத்துலயும் 2010 மே மாசம் அகமதாபாத்துல வழக்கத்தைவிட 1,344 சாவு எச்சா விழுந்துச்சு. அவங்க சும்மா இருக்கல. 2013ல வெயிலுக்குன்னே ஒரு திட்டம் போட்டாங்க. தெற்காசியாவுலயே அதுதான் மொதல். நம்ம தமிழ்நாட்டுல 2024ல வெப்ப அலையைப் பேரிடர்னு அறிவிச்சாங்க. வெயில்ல செத்தா நாலு லட்சம். நல்லதுதான், யாரு வேண்டாம்னா? ஆனா அதை வாங்குறதுக்கு நான் இருக்க மாட்டேனே.

அப்புறம் நீர்மோர்ப் பந்தலு. தொறக்குற அன்னிக்குப் பாக்கணும். தர்பூசணி, வெள்ளரி, நுங்கு, போட்டோகிராபரு. மூணாம் நாளு பந்தலு இருக்கும், பானை இருக்கும், மோரு இருக்காது. தலைவரு மட்டும் பேனர்ல சிரிச்சுக்கிட்டு நிப்பாரு. அவருக்கு என்ன, வேர்க்கவா போகுது?

"பேன் போட்டுட்டுத்தானே வந்திருக்கேன்"ங்கிறியா? கனடாவுல ஒட்டாவான்னு ஒரு ஊரு. அங்க வயசானவங்க பதினெட்டுப் பேரை 36 டிகிரி அறையில எட்டு மணி நேரம் உக்கார வச்சாங்க. பேன் இல்லாம ஒரு நாள், மெதுவா ஓடவிட்டு ஒரு நாள், வேகமா ஓடவிட்டு ஒரு நாள். 2024ல முடிவு வந்துச்சு. உள்ளொடம்பு சூடு சொல்லிக்கிற அளவு குறையல. காத்து பட்டா சொகமா இருக்கும், அது நெசம். சொகமா இருக்கிறதும் சூடு தணியறதும் வேற வேற. மூடுன அறையில 40 டிகிரிக்கு மேல போனா பேனு அனலைத்தான் அள்ளி அடிக்கும். காஞ்ச வெக்கையில தோலை நனைக்கிறதுதான் ஒடம்புக்குப் பாரத்தைக் குறைக்குதுன்னு அதே தேசத்துல மான்ட்ரியல்ல பாத்திருக்காங்க. ஈரத்துண்டு கண்ணு, ஈரத்துண்டு! களத்துல நெல்லடிச்ச ஆளுங்க தலையில கட்டிக்கிட்டிருந்ததுதான். அதுக்கு ஆப்பு டவுன்லோடு பண்ண வேண்டாம்.

அப்ப என்ன செய்யணும்? பெருசுங்களைப் பகல்ல உங்க ஏ.சி. ரூம்புல உக்கார வை. கரண்டு பில்லு வந்தா வருது. ஏ.சி. இல்லையா, கீழ் வீட்டுத் திண்ணையோ மரத்தடியோ பாத்து எறக்கிவிடு. ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் நீ போ. பேச்சு குளறுச்சு, ஆளு தெரியாம உளறுச்சுன்னா "வயசாயிருச்சு"ன்னு விட்டுடாத. 108ஐக் கூப்பிடு. அது வர்றதுக்குள்ள மேல தண்ணியை ஊத்தி விசிறு. நெனவு தப்பின ஆளுக்கு வாயில மட்டும் ஊத்தாத.

சரி, கெளம்பு. மேல ஏழெட்டு டிகிரி குளுமையா இருக்கும். பொடுசைக் காரைவிட்டு எறக்கி, போனை நீ வாங்கி வச்சுக்க. வாங்குன போன்ல மொத வேலையா வீட்டுக்குப் பேசு. சாவியைப் பக்கத்து வீட்டுல குடுக்காம வந்துட்டியேன்னு ஒரு பேச்சு வாங்கு. அடுத்தவாட்டி அவங்களையும் கூட்டிக்கிட்டு வா, முன்சீட்டுல. இப்போதைக்குத் தண்ணி குடிச்சாங்களான்னு கேளு. "தாகமா இருக்குதா"ன்னு கேக்காத, இல்லைன்னுதான் சொல்லுவாங்க. "இப்பவே ஒரு சொம்பு குடிங்க, நான் லைன்லயே இருக்கேன்"னு சொல்லு.