ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி

ஓஃபன்பாக்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மகன் போனில் கேட்டான்: "ஜெர்மனியிலதானே இருக்கே மாமா, ஃபுட்பால் கப் ஃபைனல் நேர்ல பாத்தியா?" 1985-லிருந்து ஃபைனல் வருஷாவருஷம் பெர்லினில்தான் என்று அவனிடம் சொல். இங்கிருந்து பெர்லின் போவது, ஆம்பூரிலிருந்து திருநெல்வேலி போகிற மாதிரி. ஆனால் இன்று காலை ஒரு ஃபைனல் என் சமையலறையிலேயே நடந்தது. காரணம், நீ கட்டிக் கொடுத்த மிக்ஸி.

இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது. வீடு வாடகைக்கு எடுக்கும்போதே தாளில் எழுதித் தருகிறார்கள். ஆணி அடிக்கக் கூடாது. காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக் கூடாது, 'டங்'கென்று கேட்குமாம். புல் வெட்டக் கூடாது. எனக்கு ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது, ஆனாலும் படித்ததும் பயமாக இருந்தது. வந்த புதிதில் தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்மினேன். சட்னி அரைக்க மிக்ஸியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், கம்பளியில் சுற்றி, குழந்தையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன். நேற்று துவைத்த கம்பளி இன்று காயவில்லை. துணிந்து வெறுமனே ஒரு சுற்று விட்டேன். காலிங் பெல் அடித்தது.

கீழ்வீட்டுப் பெரியவர். எண்பதைத் தாண்டியவர். தெரிந்த ஜெர்மனில் நாலு தரம் மன்னிப்புக் கேட்டேன். அதில் ஒன்று பிறந்தநாள் வாழ்த்து என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவர் கண், ஆணியில் தொங்கிய பைமேல் விழுந்துவிட்டது. மாமா ஆம்பூரில் தைத்துக் கொடுத்தாரே, அதுதான். எடுத்தார், ஓரத்தை மடித்தார், தையல்மேல் நகத்தை ஓட்டினார், முகர்ந்தார். நம்ம செக்கிங் சூப்பர்வைசரைப் பார்த்த மாதிரி இருந்தது! இந்த ஊர்ப் பை கம்பெனி ஒன்றில் ஆயுசு முழுக்க கட்டிங்கில் இருந்தவராம்.

இந்த ஊர் ஒரு காலத்தில் ஜெர்மனியின் ஆம்பூர், அக்கா. இப்போது பெரும்பாலான கம்பெனிகள் போய், 1917-ல் தொடங்கிய தோல் மியூசியம் நிற்கிறது. கூடவே ஒரு கதையும் நிற்கிறது. பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதை ஆரம்பித்தார்.

ஊர் டீம் பெயர் கிக்கர்ஸ். உன் மகன் கேட்ட அதே கப் அந்த வருஷம் தொடங்கியபோது டீம் இரண்டாம் டிவிஷன். மெக்சிகோ உலகக் கோப்பையால் ஃபைனல் தள்ளிப்போய், 1970 ஆகஸ்ட் 29-ல் ஹானோவரில் நடந்தது. எதிரே பெரிய கை, கொலோன். முதல் கோல் விங்க்ளர், அடுத்தது கெக்ஸ். கொலோன் ஒன்று திருப்பியது. பிறகு அவர்களுக்கு ஒரு பெனால்டி. பெரியவர் எழுந்து என் ஃபிரிட்ஜ் முன்னால் கையை விரித்து நின்றார். கோல்கீப்பர் வோல்ஸ் தடுத்தார். இவர் போட்ட கூச்சலில் டம்ளர் உருண்டது. 2-1. மறுவருஷமே டீம் லீக்கில் கீழே இறங்கியது. மேட்ச்சுகள் விலைபோன கதையைப் பழ வியாபாரியான டீம் தலைவர் கனேயாஸ் தன் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் டேப் போட்டு அம்பலப்படுத்தினாராம். அதையெல்லாம் இவர் ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். டீம் 2013-லிருந்து நாலாம் டிவிஷன்.

மறுபடி காலிங் பெல். மேல்வீட்டு அம்மா, என்ன இந்தக் கூச்சல் என்று. பெரியவரே கதவைத் திறந்து, நிதானமாக மிக்ஸியைக் கை காட்டிவிட்டார்.

மாமாவிடம், பையின் கைப்பிடித் தையல் சற்றுத் தளர்வு என்று பெரியவர் சொன்னதைச் சொல். கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலைதான் எனக்கு இன்னமும். ஊரில் 'ஏற்றுமதிப் பிரிவு' என்று சொல்லிவைத்திருக்கிறாயே, அப்படியே இருக்கட்டும். போன வாரம் ஒரு பெட்டி ஓரம் கிழிந்து, உள்ளே நம்ம பக்கத்து ஷூ. கொஞ்ச நேரம் மூடாமல் அப்படியே வைத்திருந்தேன், அந்த வாசனைக்காக.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணாதே அக்கா. ஸ்பீக்கர் போடாமலே உன் குரல் கீழ்வீடு வரை கேட்கும். சனிக்கிழமை பண்ணு.

உன் தம்பி