தேவை: கீழே மட்டும் பார்க்கும் பேராசிரியர்

அமெரிக்காவில் சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் ஓர் அடையாளம் உண்டு. செங்கல் கட்டடம், மணிக்கூண்டு, சீவிவிட்ட புல்வெளி, ஆயிரத்துச் சொச்சம் மாணவர்கள், முத்திரையில் யாருக்கும் புரியாத ஒரு லத்தீன் வாசகம். பிளேட்டோ முதல் பூச்சியியல் வரை தொட்டுக் காட்டி முழு மனிதரை உருவாக்குவோம் என்பது தலைமுறைகளாக அங்கே கொடுத்துவரும் வாக்கு. முழு மனிதராக ஆசைப்பட்டு வருகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். கட்டணம் ஏறியது, பிறப்பு விகிதம் இறங்கியது. 2019இல் வெர்மான்டின் கிரீன் மவுன்டன் கல்லூரி மூடியது. 2024இல் நியூயார்க் மாநிலத்தின் வெல்ஸும் அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்னும் கதவைச் சாத்தின.

மூடாமல் தப்ப நினைக்கும் கல்லூரி ஓர் ஆலோசனை நிறுவனத்தைப் பெரும் செலவில் அழைக்கும். அவர்கள் வண்ண வண்ண வரைபடங்களோடு வந்து ஒரு ஞானத்தை அருளுவார்கள்: தத்துவத்தை எடு, கிரிமினல் ஜஸ்டிஸ் என்னும் குற்றவியல் படிப்பைப் போடு. 2023இல் வர்ஜீனியாவின் மேரிமவுன்ட் பல்கலைக்கழகத்தில் அறங்காவலர்கள் ஆங்கிலம், வரலாறு, தத்துவம், கணிதம், சமூகவியல் உள்ளிட்ட பட்டப்படிப்புகளை ஒரே வாக்கெடுப்பில் முடித்துவைத்தார்கள். அந்தப் பட்டியலில் சமூகவியல் இருப்பதைக் கவனியுங்கள். அமெரிக்கக் குற்றவியலை மடியில் போட்டு வளர்த்த துறை அது. நாடெங்கும் இன்று நடப்பது, தாயை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டு மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டும் வைபவம்.

மகளுக்கு ஏன் இந்தக் கவனிப்பு? ஆள் சேர்கிறது, அவ்வளவுதான். 1968இல் மத்திய அரசு போலீஸ்காரர்களைக் கல்லூரிக்கு அனுப்பப் பணம் ஒதுக்கியதும் கிரிமினல் ஜஸ்டிஸ் துறைகள் மழைக்காளான்களாக முளைத்தன. 2000இல் 'சிஎஸ்ஐ' என்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடர் வந்தபின் கையுறை மாட்டிக்கொண்டு ஒற்றைத் தலைமுடியிலிருந்து கொலைகாரனைப் பிடிக்கும் கனவோடு பிள்ளைகள் வந்தார்கள். அந்தக் கனவுக்குத் தேவையான வேதியியலை இந்தத் துறை சொல்லித்தராது என்பதைச் சேர்க்கைப் பிரிவு அவர்களிடம் சொல்லுவதில்லை. சேர்ந்த பிறகு தானாகத் தெரிந்துவிடுமே!

ஆக, விளம்பரம் வருகிறது. குற்றவியல் உதவிப் பேராசிரியர் தேவை. ஒரு பருவத்துக்கு நான்கு பாடம், வருடத்துக்கு எட்டு. குற்றவியல் அறிமுகம், காவல், சிறை, இளம் குற்றவாளிகள், பாதிக்கப்பட்டோர் இயல், போதைப்பொருள், புள்ளியியல் என எல்லாம் அவரே. மாணவர்களை உள்ளூர் ஷெரீப் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்த்துவிடுவதும் அவரே. துறையில் வேறு ஆள் கிடையாது, அவர்தான் துறை. இதற்கு மேல் துடிப்பான ஆய்வுத் திட்டமும் வேண்டும். எந்த நேரத்தில் துடிப்பது என்று கேட்டால், கோடை விடுமுறை இருக்கிறதே என்பார்கள். கோடைக்குச் சம்பளம் இல்லை.

விண்ணப்பத்தோடு கடிதம், தன்விவரம், கற்பித்தல் தத்துவம், ஆய்வு அறிக்கை, மாணவர் மதிப்பீடுகள், மூன்று பரிந்துரைகள். தத்துவத் துறையை மூடிய கல்லூரி கற்பித்தல் தத்துவம் கேட்கிறது. சிரிக்கக் கூடாது, கேட்கிறார்கள், எழுதத்தான் வேண்டும்.

தேர்வுக்குழுவில் ஒரு வேதியியல்காரர், ஒரு ஜெர்மன் மொழி ஆசிரியர், இன்னும் மூடப்படாத இசைத் துறையிலிருந்து ஒருவர். குற்றவியல் தெரிந்த யாரும் இல்லை. இருந்தால் விளம்பரம் எதற்கு? முதலில் ஜூமில் அரை மணி நேரம். பிழைத்தவர்களுக்கு இரண்டு நாள் கல்லூரி விஜயம். காலைச் சிற்றுண்டியிலிருந்து இரவு உணவு வரை ஒவ்வொரு வாயும் தேர்வுதான். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் பாகுபாட்டு வழக்கு வரும் என்று மனிதவளப் பிரிவு எச்சரித்திருப்பதால் யாரும் கேட்கமாட்டார்கள். "இங்கே பள்ளிக்கூடங்கள் ரொம்ப நன்றாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தவரின் முகத்தைப் பார்ப்பார்கள். இவ்வளவு நாகரிகமாக வாக்குமூலம் வாங்கும் போலீஸ் நிலையம் உலகத்தில் இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். என் வயிற்றெரிச்சல் விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது: நீங்கள் எப்போதாவது குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா? ஆம், இல்லை. இரண்டு கட்டங்கள். இப்படிக் கேட்பதைச் சில மாநிலங்கள் தடுத்திருக்கின்றன. அங்கே வேலையைக் கொடுக்கும் நேரத்தில் பின்னணிச் சோதனை என்ற பெயரில் அதே கேள்வி வேறு வாசலால் வரும்.

ஜான் இர்வின் என்று ஒருவர் இருந்தார். 1950களில் பெட்ரோல் பங்கில் கொள்ளையடித்துக் கலிபோர்னியாவின் சோலடாட் சிறையில் ஐந்தாண்டு கிடந்தவர். வெளியே வந்து படித்து முனைவராகி, சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் சமூகவியல் பேராசிரியரானார். சிறைக்குள் மனிதன் என்னவாகிறான், வெளியே வந்தவனை ஊர் என்ன செய்கிறது என்பதை 1970இல் வந்த அவருடைய 'தி ஃபெலன்' அளவுக்குச் சொன்ன நூல்கள் குறைவு. சிறையில் இருந்தவர்களே சிறையை ஆராயும் ஒரு மரபு அவருக்குப் பின்னால் வளர்ந்தது. அந்த மரபைப் பாடத்திட்டத்தில் வைக்க எல்லாக் கல்லூரிக்கும் சம்மதம். ஆசிரியர் அறையில் வைக்கத்தான் கூச்சம். 2017இல் ஹார்வர்டு வரலாற்றுத் துறை தன் முனைவர் படிப்புக்குத் தேர்ந்தெடுத்த மிஷெல் ஜோன்ஸை மேலிடம் வேண்டாம் என்று தள்ளியது. இந்தியானா சிறையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தபடியே ஆய்வு செய்த பெண் அவர். நன்னடத்தையாலும் படிப்பாலும் தண்டனை குறைந்து விடுதலை பெற்றவர். நீதிமன்றம் விட்டாலும் நிர்வாகம் விடாது.

ஏறக்குறைய 19 லட்சம் பேரைப் பூட்டிவைத்திருக்கும் நாட்டில், பூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவரைத் தவிர வேறு யார் வேண்டுமானாலும் பூட்டைப் பற்றிப் பாடம் எடுக்கலாம்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பார்ட் என்ற சிறு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி வருடக்கணக்காகச் சிறைகளுக்குள் பட்டப்படிப்பு நடத்துகிறது. 2015இல் அதன் கைதி மாணவர்கள் மூன்று பேர் ஹார்வர்டு விவாத அணியைச் சிறைக்குள்ளேயே வைத்துத் தோற்கடித்தார்கள். ஆனால் மற்றக் கல்லூரிகள்? 1994இல் கிளின்டன் கையெழுத்திட்ட குற்றச் சட்டம் கைதிகளுக்கு மத்திய அரசு தந்துவந்த பெல் கல்வி உதவித்தொகையை நிறுத்தியதும் சிறைக் கல்வித் திட்டங்களில் பெரும்பாலானவை இருந்த இடம் தெரியாமல் போயின. 2023 ஜூலையில் உதவித்தொகை திரும்பியது. பணத்தோடு பாசமும் திரும்பியது. கைதியை மாணவனாகச் சேர்த்தால் வரவு. ஆசிரியனாகச் சேர்த்தால் அறங்காவலர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டும்.

அறங்காவலர்கள் என்றதும் எட்வின் சதர்லண்ட் நினைவுக்கு வருகிறார். 1939 டிசம்பரில் பிலடெல்பியாவில், அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவராக எழுந்து, ஏழைகளையே எத்தனை நாள் அளந்துகொண்டிருப்பீர்கள், கம்பெனி முதலாளிகளையும் பாருங்கள் என்ற பொருளில் பேசினார். வெள்ளைக் காலர் குற்றம் என்ற பெயரை வைத்தவர் அவர்தான். பிறகு நாட்டின் 70 பெரிய கம்பெனிகளின் சரித்திரத்தைத் தோண்டினார். அவற்றுக்கு எதிராக நீதிமன்றங்களும் அரசு ஆணையங்களும் எடுத்த 980 முடிவுகளை எண்ணி எழுதினார். தெருவில் ஒருவன் மேல் இத்தனை இருந்தால் பழைய கேடி என்போம். 1949இல் புத்தகம் வந்தபோது கம்பெனிகளின் பெயர் ஒன்றுகூட உள்ளே இல்லை. அவதூறு வழக்குக்குப் பயந்து பதிப்பகம் எடுக்கச் சொல்லிவிட்டது. பெயர்களோடு முழுப் புத்தகம் யேல் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது 1983இல். சதர்லண்ட் இறந்து முப்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது.

மேலே பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கதை: கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஒரு குற்றவியல் பள்ளியே இருந்தது. 1950இல் தொடங்கியது. போலீஸுக்கு ஆள் தயாரித்துக் கொடுத்தவரை பிரச்சினை இல்லை. அறுபதுகளின் கடைசியில் சில ஆசிரியர்கள் லத்தியைப் பிடித்த கையையும் அதற்குச் சம்பளம் கொடுத்த கையையும் ஆராயத் தொடங்கினார்கள். டோனி பிளாட் போன்றவர்களுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. 1976இல் பள்ளியே மூடப்பட்டது. அந்தப் பாடத்தை எல்லாக் கல்லூரி நிர்வாகங்களும் ஒரே தடவையில் படித்துத் தேறிவிட்டன.

அதனால்தான் விளம்பரத்தில் எழுதாத ஒரு தகுதி எல்லோருக்கும் தெரியும். பார்வை கீழ்நோக்கி இருக்க வேண்டும். திருடும் பையன், கஞ்சா விற்கிறவன், பரோலில் வந்தவன் இவர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் ஆய்வு செய்யலாம், மானியமும் வரும். நூலகத்துக்கும் உடற்பயிற்சிக்கூடத்துக்கும் பெயர் கொடுத்த கனவான்களின் கம்பெனிகள் எத்தனை அபராதம் கட்டின என்று ஒரு வகுப்புப் பயிற்சி வைத்துப் பாருங்கள். மாணவர் மதிப்பீடு திடீரென்று முக்கியமாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்களா என்றால், பெரும்பாலும் வசந்தகாலத்தில் ஒரு மின்னஞ்சல்தான் வரும். நிதிநிலை காரணமாகப் பணியிடம் நிறுத்திவைக்கப்படுகிறது. பங்கேற்ற அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் ஒவ்வொரு வாய்க்கும் தேர்வெழுதியவர் விமான டிக்கெட் பணத்துக்கு அலைந்துகொண்டிருப்பார். பாடங்கள் நிற்காது. அவற்றை அட்ஜங்க்ட் என்னும் தற்காலிக ஆசிரியர்களுக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள், பாடத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் டாலர் என்று. மருத்துவக் காப்பீடு இல்லை, அறை இல்லை, அடுத்த பருவம் உண்டா என்பதும் இல்லை. அந்த நாட்டின் உயர்கல்வி ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு நிரந்தரப் பணிக்கான பாதையே கிடையாது. தாளைத் திருத்தும் இரவுகளுக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் தனியாகக் காசு இல்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு கூலியைத் தராமல் விடுவதற்கு ஊதியத் திருட்டு என்று குற்றவியலிலேயே பெயர் இருக்கிறது. கல்லூரியில் அதற்குப் பெயர் நெகிழ்வுத்தன்மை.

அறிமுகப் பாடத்தை ஓய்வுபெற்ற ஷெரீப் ஒருவர் எடுக்கிறார் என்று வையுங்கள். நல்ல மனிதர், கதைகள் நிறைய வைத்திருப்பார், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். கொலையும் கொள்ளையும் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். வெள்ளைக் காலர் குற்றம் பாடநூலின் பின்பகுதியில் இருப்பதால் நவம்பர் கடைசி வாரத்துக்குத் தள்ளியிருப்பார். அந்த வாரம் நன்றி நவிலல் விடுமுறை.