ஏழாவது படிக்கு எத்தனை டெசிபல்?

பெறுநர்: ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம், புது டெல்லி.

ஐயா,

கோவை கணபதியில் கீழே லேத் பட்டறை, மேலே மூன்று போர்ஷன் என்று ஒரு கட்டடத்தை வைத்துக்கொண்டு வாடகையில் பிழைப்பவன் எழுதிக்கொள்வது. தாங்கள் 2000-இல் போட்ட ஒலி மாசு விதிகளைப் படித்தேன். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45. தொழிற்பகுதிக்கு 75, 70. எங்கள் கட்டடத்தில் இரண்டு பகுதிக்கும் ஒரே படிக்கட்டுதான். ஏழாவது படியில் நிற்கிறவன் எந்தப் பகுதி? கலந்து கிடந்தால் உரிய அதிகாரி ஏதாவது ஒரு வகையாக அறிவிக்கலாம் என்று குறிப்பு இருக்கிறது. அறிவிக்கிற வரைக்கும் ஆளாளுக்கு என் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

மாவு விற்கும் அக்கா இரவு பதினோரு மணிக்குக் கிரைண்டரைப் போடுவார். அப்போது ஆட்டினால்தான் காலைக்குப் பொங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மில்லில் காலை ஷிப்ட் பார்க்கும் தம்பி. "தலைமாட்டுலயே கல்லு உருளுதுங்ணா." அக்காவிடம் போனால், "கோயமுத்தூர்ல குடியிருந்துட்டு கிரைண்டர் சத்தம் ஆகாதுன்னா எப்படிங்ணா?" என்கிறார். நியாயம்தானே? கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஒரு அமைச்சகம் பட்டயம் கொடுத்த சாமானை இன்னொரு அமைச்சகம் 45-க்குள் ஆட்டச் சொல்கிறது. அடியில் ரப்பர் மேட் போட்டுப் பார்த்தேன். கிரைண்டர் ஆடாமல் நின்றது, சத்தம் நிற்கவில்லை.

அளவை 10 டெசிபல் தாண்டினால் புகார் கொடுக்கலாமாம். 10 டெசிபல் கூடினாலே பத்து மடங்கு சக்தி என்கிறாள் எஞ்சினியரிங் படிக்கும் மகள். இதைத் தம்பியிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

நடவடிக்கை எடுக்கும் அதிகாரிகள் வரிசையில் கலெக்டர் வருகிறார், போலீஸ் கமிஷனர் வருகிறார், டி.எஸ்.பி.க்குக் குறையாதவர்கள் வருகிறார்கள். நைட்டியோடு வந்து இவர்கள் கதவை யாரும் தட்டுவதில்லை. வீட்டு ஓனரையும் அதில் சேர்த்துவிடுங்க. இப்போதைக்கு என்னிடம் உள்ள ஒரே அதிகாரம், அட்வான்ஸைக் கொடுத்துக் காலி செய்யச் சொல்வது. அந்த அட்வான்ஸ் மொட்டைமாடித் தளத்தில் எப்போதோ கரைந்துவிட்டது.

கடைசியாக ஒரு சந்தேகம். இரவில் கிரைண்டரைக் கீழே பட்டறைக்கு இறக்கிவிட்டால் 70 வரை ஆட்டலாம் அல்லவா? இதற்கு மட்டும் இன்றைக்கே பதில் போடுங்க. அக்கா அரிசியை ஊறப் போட்டுவிட்டார்.

இப்படிக்கு,
கட்டட ஓனர்