நம்புற மாதிரி எழுது புள்ள

மட்டக்களப்பு வாவிக்கரையில் பெண்ணொருத்தி கதை எழுதினால், வெளியீட்டு மேடையில் ஒரு பெரியவர் கட்டாயம் புத்தி சொல்லுவார்: "நம்புற மாதிரி எழுது புள்ள." பெண்பார்க்க வந்தவர்கள் முன்னால் தேத்தண்ணித் தட்டோடு நின்றவளுக்கு உடம்பெல்லாம் செதிள் முளைத்தது என்று அவள் எழுதியிருப்பாள். அது யதார்த்தம் இல்லையாம்.

சரி, யதார்த்தத்துக்கே வருவோம்.

இங்கே மாப்பிள்ளைக்கு முந்தி வீடு வரவேண்டும். தமிழரோ முஸ்லிமோ, மகளுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். அந்த வீட்டின் கல்லுக்கும் சீமெந்துக்கும் எத்தனையோ தாய்மார் குவைத்திலும் சவுதியிலும் அடுத்தவர் பிள்ளைக்குச் சோறூட்டினார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவள், பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று காட்டும் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவர வேண்டும் என்று 2013இல் அரசாங்கம் சொன்னது, பிள்ளைகள் மேல் அவ்வளவு பாசம். 2022இல் நாட்டில் டொலர் வற்றியது. விதியும் தளர்ந்தது, பாசமும் தளர்ந்தது.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைப் பாருங்கள். பதிவில் மணமகளின் கையெழுத்து தேவையில்லை. அவளுக்காக 'வலி' எனப்படும் ஆண் பொறுப்பாளர் ஒப்பமிடுவார். குறைந்தபட்ச வயதும் இல்லை. 12க்குக் கீழே என்றால் மட்டும் காதியார் எனப்படும் முஸ்லிம் விவாக நீதிபதியின் அனுமதி வேண்டும். அந்தக் காதியார் ஆணாகவே இருக்க வேண்டும். திருத்தம் பற்றி ஆராய 2009இல் அமைத்த குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. மணமகள் இல்லாமலே எழுதி முடிக்கிற கலியாணம்! செதிள் முளைத்தவள் இதன் பக்கத்தில் நிற்க முடியுமா?

விசித்திரப் பெண்கள்மேல் நமக்கு வெறுப்பும் இல்லை. கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன்மகளால்தானே மீன்பாடும் தேன்நாடு ஆனோம்? விபுலாநந்த அடிகள் 1947இல் வந்த 'யாழ் நூ'லிலேயே நீரரமகளிருக்கு இடம் கொடுத்தார். முலையைத் திருகி எறிந்து மதுரையை எரித்த கண்ணகிக்கு வைகாசியில் வழக்குரை படித்துக் குளிர்த்தி பாடுகிறோம். அவளைக் குளிர்விக்கத்தான் நமக்கு அவசரம். அவள் எதற்குக் கொதித்தாள் என்று கேட்க நேரமில்லை. அந்தக் காலப் பெண்கள் பாடிய காதல் கவிகளைத் தொகுத்து விழா எடுப்போம். வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் ஃபோனைப் பறித்துப் பார்ப்போம்.

ஏறாவூரில் பிறந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற கருத்தை 2012இல் பிபிசி தமிழோசையில் சொன்னார். மிரட்டல்கள் வந்தன, ஊரைவிட்டுப் போக நேர்ந்தது. 2015இல், அவரை வன்புணர்ந்து கொன்றுவிட்டார்கள் என்று ஒரு பொய்ச்செய்தியைப் படத்தோடு பரப்பினார்கள். உயிரோடிருக்கிறவளுக்குப் பிணம் செய்து காட்டிய அந்தக் கற்பனைக்காரர்களிடம், "நம்புற மாதிரி எழுது மனே" என்று எந்தப் பெரியவராவது சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

பெட்டைகள் ஏன் இந்த விசித்திரக் கதைகளைத் தேடித் தேடிப் படிக்கிறார்கள் என்று இன்னுமா விளங்கவில்லை? நடந்ததை நடந்தபடி எழுதினால் "இது உன்ட கதையா?" என்று விசாரணை தொடங்கும். செதிளைப் பற்றி எழுதினால் விசாரிக்க முகவரி கிடைக்காது. சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன சேதி கேட்ட அகலிகையைப் புதுமைப்பித்தன் 1943லேயே மறுபடி கல்லாக்கிவிட்டார். கொரியாவின் ஹான் காங் எழுதிய 'மரக்கறி'யில் ஒருத்தி இறைச்சியை ஒதுக்கி, கடைசியில் மரமாகவே ஆகப் பார்க்கிறாள். கல்லுக்கும் மரத்துக்கும் ஒருவரும் மாப்பிள்ளை பார்ப்பதில்லை. காதலென்றால் காத்திரு, கலியாணமென்றால் பொறுத்திரு என்றே கேட்டு வளர்ந்தவளுக்கு, அந்த ஒரு வரம் போதாதா புத்தகத்தைக் கீழே வைக்காமலிருக்க?

ஆகையால், ஐயாமாரே, ஹாஜியார்மாரே, பெண் எழுத்தில் யதார்த்தம் வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள். முதலில் கலியாணப் பதிவில் மணமகள் கையெழுத்துப் போட ஒரு கோடு வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பிறகு வாருங்கள், செதிளைப் பற்றிப் பேசலாம்.