கும்மி வட்டத்துள் புதியவர் புகுமாறு: தலைச்சோலையை முன்வைத்து ஓர் ஆய்வு

சேர்வராயன் மலையின் காப்பி, மிளகு, ஆரஞ்சு குறித்து அறிஞர் பலர் எழுதியுள்ளனர். கும்மி தெரியாதவர் கும்மிக்குள் நுழைவது எப்படி என்று ஒருவரும் எழுதக் காணோம். ஆதலின் இவ்வாய்வு.

ஏற்காட்டில் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும் மே மாதம். அங்குள்ள தலைச்சோலை என்னும் ஊரில், பொழுது சாயும் நேரத்தில், ஒரு வட்டம் சுற்றுவதாகக் கொள்க. ஒருவர் பாட்டெடுக்க மற்றவர் பின்பாட்டு. குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, ஓரடி நகர்தல். இவ்வளவே. இந்த இவ்வளவேக்குள்தான் புதியவர் தொலைந்துபோகிறார்.

காரணம் தேடி நன்னூலைப் புரட்டினோம். பவணந்தியார் மாணாக்கரில் அன்னத்தையும் பசுவையும் தலையிலும், மண்ணையும் கிளியையும் இடையிலும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரியைக் கடையிலும் வைத்தார். வகுப்பறைக்கு அது சரி. கும்மிக்குச் செல்லாது. அன்னம் பாலையும் நீரையும் பிரித்து முடிப்பதற்குள் வட்டம் இரண்டடி போய்விடும். பசு பிறகு அசைபோடலாம் என்று நிற்கும். பின்னால் வருபவர் முட்டுவார். சொன்னதைச் சொல்லும் கிளியே இங்கே முதல் மாணாக்கர். படித்தவர்கள் கும்மியில் படும் பாடு இதனால் விளங்கும்.

பனிமூட்டம் துணை செய்யும் என்பாரும் உளர். மறுக்கிறோம். மூட்டம் கால்களை மறைக்கும். தாளம் தப்பிய ஒற்றைக் கைதட்டலை மறைக்காது. நன்றாக ஆடும் இருவருக்கு நடுவே நிற்பதே பாதுகாப்பு.

மலையிறங்கி மேற்கே போனால் வள்ளி கும்மி. அங்கே பயிற்சி முடிந்ததும் ஊர்கூடி அரங்கேற்றம் வேறு, தப்ப வழியில்லை. ஆண்களின் ஆட்டமாயிருந்த அதைப் பெண்களுக்கும் கற்பித்த தேக்கம்பட்டி பத்திரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். தப்பாகத் தட்டும் கைகளை அவர் எத்தனை பார்த்திருப்பார் என்பது தனி ஆய்வுக்குரியது.

நன்னூலின் கடை மாணாக்கருள் இங்கே பேசவேண்டியவர் எருமை. எல்லோரும் வலம்போக இடம்திரும்பிக் குளத்தைக் கலக்குபவர். இவரை விலக்கலாமோ எனின், விலக்கலாகாது. ஒழுங்காக ஆடுபவர் முன்னால் போகிறவரின் முதுகை மட்டுமே காண்கிறார். திசைமாறித் திரும்பியவரோ பின்னால் வந்த அக்காவுக்கு நேரெதிர் நிற்கிறார். அக்கா சிரிப்பார். “எந்த ஊரு தம்பி? யார் வீட்டுப் புள்ள?” என்பார். அடுத்த பாட்டு முடிவதற்குள் ஏதோ ஒரு வழியில் உறவுமுறை கண்டுபிடிக்கப்பட்டுவிடும்.