காளைக்கு நீச்சல், வீரருக்குப் பரோட்டா

கே: தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டில் காளை முட்டியதில் இடது காலில் மாவுக்கட்டு. படுத்தே கிடப்பதால் தொப்பை வளர்கிறது, தொடை சூம்புகிறது. சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கட்டுமா?
– மாடுபிடி வீரர், கந்தர்வகோட்டை

ப: வேண்டாம் தம்பி. எலும்பு ஒட்டும் நேரத்தில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சதையும் கரையும். உங்களை முட்டிய காளை பருத்திக்கொட்டை தின்று, குளத்தில் நீந்தி, மண் குத்திப் பழகி வந்தது. நீங்கள் பரோட்டா தின்றுவிட்டுப் போயிருப்பீர்கள்!

சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, குழம்பில் மீனைக் கூட்டுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 கிராமாவது. முட்டை ஒன்றில் 6 கிராம்தான். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20. மீன் இறங்கும் கோட்டைப்பட்டினம் உங்கள் மாவட்டத்தில்தானே இருக்கிறது? சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும், புரதத்தைக் கூட்டுமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தை கொண்டுவரும் ஆட்டுக்கால் சூப்பில் மேலே மிதப்பது கொழுப்பு. அவர் திரும்பிய நேரத்தில் வழித்தெடுத்துவிடுங்கள்.

நல்ல காலுக்குப் பயிற்சி கொடுங்கள். அதனால், நரம்பு வழியே, கட்டுப்போட்ட காலிலும் பலம் ஓரளவு தங்கும். டாக்டர் சம்மதித்தால், கட்டுக்குள்ளேயே தொடையை இறுக்கி இறுக்கித் தளர்த்தலாம். பார்க்க வருகிறவர்கள் தரும் பிஸ்கட்டை அவர்களுக்கே டீயோடு கொடுத்து அனுப்புங்கள்.